தலைக்கு வந்த மாப்பிள்ளை வீட்டார்

உலகத்தில் ரகசியம் பேசவே தெரியாத ஒரே மனிதர் எங்கள் சோத்து ராத்தாதான். புத்தளத்தில், வேலைக்குப் போகும் பெண்கள் தங்கியிருந்த போடிங்கில் அவர்தான் சமையல், எங்கள் எல்லோருக்கும் மூத்த அக்கா. அவர் என் காதோடு சொன்ன விஷயத்துக்கு, ரோட்டில் போன உப்பு லொறிக்காரர் பதில் சொல்லியிருக்கிறார்.

யுத்தம் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. யுத்தத்தில் இடம்பெயர்ந்து வந்திருந்த என் அறைத்தோழி ஃபரீனாவின் குடும்பம் மன்னாருக்கே திரும்பிப் போய்விட்டது. அவள் மட்டும் பாலர் பள்ளி வேலைக்காக எங்களோடு தங்கினாள். பிள்ளைகளின் தலையிலிருந்து பேன்கள் அவள் தலைக்குக் குடிவந்தன. கலியாணம் பேசுகிற வயது. 'பேன்' என்று ராத்தா வாய் திறந்தால் தெருவுக்கே தெரிந்துவிடும்.

"அதுக்கு வேற பேர் வைங்க ராத்தா" என்று கெஞ்சினோம்.

ராத்தா கருவாட்டைப் புரட்டிப் போட்டபடி யோசித்தார். "மாப்பிள்ளை வீட்டார் எண்டு வைப்பம்."

"ஏன்?"

"கேக்காம வருவாங்க. வந்தா எழும்ப மாட்டாங்க. இருக்கிற ரத்தத்தையும் உறிஞ்சிருவாங்க. வேறென்ன பேர் வைக்கிற?"

அதுவே நிலைத்தது. "ஃபரீனா, மாப்பிள்ளை வீட்டார் குறைஞ்சாங்களா?" என்று தினமும் குசினி அடுப்படியிலிருந்து குரல் வரும். பெண்ணுக்கு நல்ல கிராக்கி என்று தெருவில் பேசிக்கொண்டார்கள்.

ஒரு ஞாயிறு மத்தியானம், கேற்றைத் திறந்த ஃபரீனா பதறிப்போய்க் கூப்பிட்டாள். "ராத்தா, மாப்பிள்ளை வீட்டார் வந்திருக்காங்க."

வந்தவர்கள் நிஜமான மாப்பிள்ளை வீட்டார். சிலாபத்து மாப்பிள்ளை ஒருவரின் உம்மாவும் இரண்டு மகள்மாரும், சொல்லாமல் கொள்ளாமல் பெண் பார்க்க வந்து நின்றார்கள்.

"எத்தனை பேர் புள்ள?" என்றார் ராத்தா குசினியிலிருந்து.

"மூணு பேர்."

"மூணு வெளிய தெரியுதெண்டா முப்பது ஒளிஞ்சிருக்கும். வேப்பெண்ணெய் கொண்டு வாறன். ஓடவிடாம புடிச்சு வை, ஒவ்வொண்ணா நகத்தில வச்சு நசுக்குவம்."

மகள்மார் இருவரும் கேற்றுக்கு வெளியே போய்விட்டார்கள். போத்தலும் பேன் சீப்புமாக வந்த ராத்தா, வந்தவர்களைக் கண்டதும் சீப்பை முந்தானைக்குள் ஒளித்தார். ஃபரீனாவுக்கு அழுகை வந்துவிட்டது.

"மாமி, என்ர தலையில பேன். அதுக்கு நாங்க வச்ச பேர் அது. வேணாமெண்டா நீங்க போங்க. ராத்தாவை மட்டும் ஏசாதீங்க."

மாமி சுற்றுமுற்றும் பார்த்தார். ஆண்கள் யாருமில்லை. கதிரையில் உட்கார்ந்து முக்காட்டை நீக்கினார்.

"அந்தப் போத்தலை இங்கால கொண்டு வாங்க. பேரப்புள்ளைகளோட படுத்துப் படுத்து எனக்கும் இதே கதைதான். வீட்டில சொல்ல வெக்கம்."

அன்று மாமியும் மருமகளும் மாறி மாறி ராத்தாவிடம் தலையைக் கொடுத்தார்கள். "உங்கட ஆக்கள்தான் நல்லாக் கொழுத்திருக்காங்க மாமி" என்று ராத்தா சொன்னது பக்கத்து வீடுகளுக்கும் கேட்டிருக்கும். எண்ணெய் காய்வதற்குள் சம்மதமும் சொல்லியாயிற்று.

கலியாணம் முடிந்து ஃபரீனா சிலாபம் போன பிறகும், ராத்தா அவளுக்கும் சேர்த்தே அரிசி போட்டார். ஏன் சோறு மிஞ்சுகிறது என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. ஆளுக்கொரு அகப்பை கூடப் போட்டுச் சாப்பிட்டோம்.