பதினொன்றாம் நம்பர் அறையும் என் மாமனாரும்

தெரியாது என்று சொல்லத் தெரியாதவன் நான். இருபத்தைந்து வயதில் அதைத் தன்னம்பிக்கை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கொழுப்பு என்பதுதான் சரியான பெயர்.

தொண்ணூறுகளின் கடைசி. விஷுவல் பேசிக் படித்த சூட்டோடு, எங்கள் ஊர் ரயில் நிலையப் பக்கம் தம்பானூரில் ஒரு லாட்ஜுக்கு அறை ஒதுக்கும் புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். அங்கே முன்வாசலில் ஒரு கவுண்டர், பின்வாசலில் ஒன்று. இரண்டிலிருந்தும் தெரிகிற மாதிரி நடுச்சுவரில் சாவிப் பலகை. ஆணியில் சாவி தொங்கினால் அறை காலி.

"இதைக் கழட்டிடுங்கோ அண்ணாச்சி. இனிமே கம்ப்யூட்டர் சொல்லும்."

முதலாளி திருநெல்வேலிக்காரர். "அது பாட்டுக்குக் கெடக்கட்டுமே தம்பி. சோறா கேக்கு?"

நான் விடவில்லை. பலகை பரணுக்குப் போனது. ஒவ்வொரு கவுண்டருக்கும் எல்லா அறைச் சாவிகளோடு தனித்தனிக் கொத்து வந்தது.

புரோகிராமை வீட்டில் நூறு முறை ஓட்டிப் பார்த்திருந்தேன், ஒரே கம்ப்யூட்டரில். (ஸ்ரீவராகத்தில் எங்கள் தெருவுக்கே ஒன்றுதான்.) லாட்ஜில் இரண்டு கம்ப்யூட்டரைக் கேபிளால் இணைத்து, ஒரே ஃபைலைப் பார்க்க வைத்தேன். ஆனால் காலையில் திறக்கும்போது மட்டும்தான் என் புரோகிராம் அதைப் படிக்கும். பிறகு அடுத்த கவுண்டரில் யாருக்கு அறை கொடுத்தாலும் இந்தத் திரைக்குத் தெரியாது. இது எனக்கும் தெரியாது.

அந்த வாரம் எனக்குப் பார்த்திருந்த பெண்ணின் அப்பா வந்தார். "ஆபீஸ் இல்லை, சம்பளம் இல்லை, பையன் என்னதான் பண்றான்?" என்று தரகரிடம் கேட்டிருந்தாராம். காட்டிவிடுவது என்று அந்த லாட்ஜிலேயே அவரைத் தங்க வைக்க முடிவு செய்தேன். முன் கவுண்டரில் அவர் கண்ணெதிரே பட்டனை அழுத்தினேன். பதினொன்றாம் நம்பர் பச்சையிலிருந்து சிவப்பானது.

"பேஷ்!" என்றார். மனசுக்குள் எனக்குக் கல்யாணமே முடிந்துவிட்டது.

அவர் குளித்துவிட்டு ஈரத்துண்டோடு வெளியே வந்தபோது, கட்டிலில் எட்டுப் பேர் உட்கார்ந்து இட்லிப் பொட்டலம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். நாகர்கோவில் குடும்பம்.

"யாருய்யா நீரு? எங்க ரூம்ல குளிக்கீரு?" என்று அந்த அம்மாள் போட்ட சத்தத்தில், மனிதர் துண்டோடு வராந்தாவுக்கு வந்துவிட்டார்.

பின் கவுண்டரைப் பார்த்துக்கொள்ளும் மலையாளிப் பையன் சசி ஓடிவந்தான். "சாரே, என் ஸ்க்ரீன்ல பதினொண்ணு இப்பவும் பச்சையாக்கும்!"

ஓடிப்போகலாம் என்றுதான் முதலில் தோன்றியது. போகவில்லை. "சரிபண்ணிடறேன் மாமா" என்று உட்கார்ந்தேன். மூன்று நாள் எழுந்திருக்கவில்லை. பத்து விநாடிக்கு ஒரு முறை ஃபைலை மறுபடி படிக்க வைத்த பிறகுதான் நிமிர்ந்தேன். அதற்குள் அண்ணாச்சி சத்தமில்லாமல் பலகையை மறுபடி மாட்டியிருந்தார். இடையில் விடுபடும் அந்தப் பத்து விநாடியைப் பலகை பார்த்துக்கொண்டது.

மாமா பெண்ணைக் கொடுத்தார். "அசடுதான். ஆனா ஓடலை" என்று காரணம் சொன்னாராம்.

இன்றைக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தால் குளிக்கப் போகும் முன் வாசலில் நின்று, பேரன் பேத்திகள் காதில் விழ உரக்கக் கேட்பார்:

"மாப்ளே, இந்த ரூமை வேற யாருக்காவது கொடுத்திருக்கேளா?"