என் நாலு ஸ்ட்ரோக்கைத் திருப்பிக் கொடு

கும்மிடிப்பூண்டி,
திங்கட்கிழமை.

சிரஞ்சீவி துளசிராமனுக்கு, உன் அக்கா சந்திரகலாவைக் கட்டிய ஒரே காரணத்தால் உன்னையும் ஆசீர்வதிக்கக் கடமைப்பட்ட குப்புராஜ் எழுதுவது. பொதட்டூர்பேட்டையில் நீயும் பிள்ளைகளும் சுகமாகத்தான் இருப்பீர்கள். அடுத்தவனைக் கெடுத்தவர்கள் எப்போதும் சுகமாகத்தான் இருக்கிறார்கள். இங்கே என் இடது முழங்காலைத் தவிர மற்றவை நலம். போனில் சொன்னால் பாதியிலேயே சிரிப்பாய். காகிதத்தின் முன் சிரித்தால் எனக்குக் கேட்காது.

ஆறு வருடமாக என்னிடம் மேடுபள்ளத்தில் ஓட்டும் ஒரு நாலு ஸ்ட்ரோக் டர்ட் பைக் இருந்தது. ஞாயிறுதோறும் கம்பெனிகளுக்குப் பின்னால் இருக்கும் காலி நிலத்தில் அதை ஓட்டுவேன். இருபத்தாறு வருடம் தரக்கட்டுப்பாட்டில் உழைத்த எனக்கு வரவேண்டிய மேனேஜர் நாற்காலியில், நான் வேலை கற்றுக்கொடுத்த வீரராகவன் உட்கார்ந்திருக்கிறார் என்பது உனக்குத் தெரியும். ஆறு நாள் அவருக்கு வணக்கம் வைத்துவிட்டு ஏழாவது நாள் மண்ணில் நிம்மதியாக ஓட்டலாம் என்றால், அங்கேயும் அவர் ஒரு பைக்கோடு வந்து நிற்கிறார். நாற்பத்தைந்து வயது தாண்டியவர்களுக்கான பந்தயத்தில் மூன்று வருடமாக என்னைத்தான் முந்துகிறார். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை அவரை என் பின்னால் பார்த்துவிட்டால் போதும் என்று உன்னிடம் சொன்னேன் பார், அதுதான் நான் செய்த தப்பு.

"மாமா, உங்க வண்டி எருமை மாதிரி மாமா. இன்னா முறுக்குனாலும் யோசிச்சிக்கினு நிக்குது. ஏங்கிட்ட கீற ரெண்டு ஸ்ட்ரோக்குல ஒரு தபா குந்திப் பாருங்க, பறக்கும். மாத்திக்கலாம்" என்றாய். குந்தினேன். மாற்றிக்கொண்டேன். குட்டியானை வேனில் என் வண்டியை ஏற்றிக்கொண்டு நீ போகும்போது கையாட்டியது இன்னும் கண்ணில் நிற்கிறது.

நாலு ஸ்ட்ரோக்குக்கு ஆயில் தனி, பெட்ரோல் தனி. இதற்கு ஆயிலைப் பெட்ரோலிலேயே கலக்கவேண்டும், லிட்டருக்கு இருபத்தைந்து மில்லி. நான் மெக்கானிக்கல் படித்தவன், எதிலும் பாதுகாப்புக்குக் கூடுதலாக வைப்பவன், ஆகவே ஐம்பது ஊற்றினேன். தெருமுனை வரை ஓட்டிப் பார்த்துத் திரும்பினால் தெருவே தெரியவில்லை, வெள்ளைப் புகை. பட்பட்டென்று ஜன்னல்கள் சாத்தும் சத்தம். எதிர்வீட்டு ரோசம்மாள் மட்டும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிவந்து வண்டியை மறித்தார். "இன்னாங்க இது, எங்க ஊட்டாண்ட அடிக்காமலே போய்க்கினு இருக்கீங்க? அங்கதான் கொசு பிச்சி எடுக்குது. சாக்கடை ஓரமா ஒரு ரவுண்டு அடிச்சிட்டுப் போங்க." ஹெல்மெட்டைக் கழற்றினேன். "ஐயோ, சாரா! கம்பெனி வேல போயிடுச்சா சார்?" என்று கண்கலங்கினார். அன்று மாலைக்குள் நான் கொசு மருந்து அடிக்கப் போய்விட்டதாகத் தெரு முழுவதும் பரிதாபப்பட்டது.

சரி, அதுவாவது புகை. நேற்றுதான் பந்தயம். இந்த வண்டி பாதி தூரம் செத்த பிணம் போல் நகர்கிறது, திடீரென்று ஒரு இடத்தில் பேய் பிடித்தாற்போல் பாய்கிறது. பாய்ந்தது. எதிரே வளைவு. ஆறு வருடப் பழக்கத்தில் ஆக்ஸிலரேட்டரை விட்டேன். என் பழைய வண்டியாக இருந்தால் எஞ்சினே பிடித்து நிறுத்தியிருக்கும். இதை விட்டால் நிற்பதே இல்லையடா! வளைவு ஒரு பக்கம் போனது, நான் நேராகப் போய், நிலத்தை ஒட்டிய ஏரிச் சேற்றில் கோரைக்கு நடுவே விழுந்தேன். வண்டியை நிறுத்திவிட்டு ஓடிவந்து தூக்கியது யார்? வீரராகவன்தான். "சார், அடி கிடி பட்டுச்சா? மெதுவா எழுந்திருங்க. இந்த வயசுல இதெல்லாம் தேவையா சார்?" என்றார். என்னைக் கரையில் உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்துவிட்டுப் போயும் அவர்தான் முதலில் வந்தார்.

வீட்டுக்கு வந்தால் உன் அக்கா, "இந்த வண்டி இருக்கணும், இல்ல நான் இருக்கணும். எந்தம்பிகிட்டயே திருப்பிக் குடுங்க" என்கிறாள். வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குள் என் நாலு ஸ்ட்ரோக்கைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு உன் பேயை ஏற்றிக்கொண்டு போகவும். தவறினால் உன் வீட்டு விசேஷம் எதற்கும் நான் வருவதாக இல்லை. பிள்ளைகளுக்கு என் அன்பு. உனக்கு, முறைக்காக, ஆசி.

இப்படிக்கு,
குப்புராஜ்

பி.கு: தபால்தலை வாங்கத் தாமதமானது, இன்று வியாழன். திருப்பிக் கொடுக்கும் பொருளைச் சோதித்துக் கொடுப்பது என் வழக்கம் என்பதால், நேற்று மாலை ஷிப்ட் முடிந்ததும் சரியாக இருபத்தைந்து மில்லி கலந்து நிலத்துக்குக் கொண்டுபோனேன். வீரராகவன் இருந்தார். "ஒரு ரவுண்டு போலாமா சார்?" என்றார். வளைவுக்கு வெகுமுன்பே பிரேக்கைப் பிடித்தேன். வளைவில் திரும்பியதும் வண்டிக்குப் பேய் பிடித்தது. முடிவில் திரும்பிப் பார்த்தபோது அவர் எவ்வளவு தூரத்தில் இருந்தார் என்று சொன்னால் நீ நம்பமாட்டாய். வண்டியைக் கொண்டுவராதே. நான் கெஞ்சியும் நீ திருப்பி வாங்க மறுக்கிறாய் என்று உன் அக்காவிடம் சொல்லிவிட்டேன். காலையிலிருந்து உன்னைத்தான் திட்டிக்கொண்டிருக்கிறாள். அவள் போன் வந்தால் எடுக்காதே.