மைலேஜும் மாமனாரும்

"இன்னும் கொஞ்ச நேரம் ஓடட்டும் மாப்ளே. டீசல் வண்டி. குளிர்ல அவசரப்படுத்தினா கோவிச்சுக்கும்."

கம்பளித் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு மாமனார் சொன்னார். பிக்கப் வண்டிக்குள் அவருடைய மாப்பிள்ளையான பிளம்பர் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நின்ற இடத்தை விட்டு அசையாமல் வண்டி டீசலைக் குடித்துக்கொண்டிருந்தது.

அது குடித்த ஒவ்வொரு சொட்டையும் அவர் மனசுக்குள் எண்ணிக்கொண்டிருந்தார். எல்லாம் சகலையோடு போட்ட பந்தயத்தால் வந்த வினை. மாமனார் மூன்று மாதம் இங்கே, மூன்று மாதம் மூத்த மகள் வீட்டில் என்று இருப்பது வழக்கம். இந்தத் தடவை எலக்ட்ரீஷியன் சகலை, "இன்னொரு மூணு மாசம் நீங்களே வெச்சுக்குங்களேன்" என்று நழுவப் பார்த்தார். மெக்கானிக் ஷெட்டில் வாக்குவாதம் முற்றியது. இருவரிடமும் ஒரே மாதிரி பிக்கப். அந்த வாரம் முழுக்க ஓட்டிவிட்டு ஞாயிற்றுக்கிழமை கணக்குப் பார்க்கும்போது யார் வண்டி மைலேஜ் குறைவோ, அவர் வீட்டில்தான் மாமனார் என்று முடிவானது.

மாமனார் தங்கமான மனிதர்தான். ரிட்டயரான பஸ் டிரைவர். ஆனால் யோசனை சொல்லாமல் அவருக்குச் சோறு இறங்காது. பல் துலக்கினால் பிரஷ்ஷைப் பிடிக்கச் சொல்லித் தருவார். குழாய் பூட்டுவது எப்படி என்று பிளம்பருக்கே பாடம் எடுப்பார். பிளம்பரோ எதிர்த்துப் பேசத் தெரியாத பிறவி. தலையாட்டிவிட்டுச் சொன்னபடியே செய்துவிடுவார்.

புதன்கிழமை டீசல் முள்ளைப் பார்த்ததும் அவருக்குப் பகீரென்றது.

"டீசல் தண்ணியா போகுது மாமா!"

"பின்னால அவ்வளவு இரும்பை ஏத்தி வெச்சா போகாதா? பாரத்தை இறக்குங்க."

இறக்கினார். அன்றைக்கென்று ஒரு வீட்டுச் சமையலறையில் குழாய் பீய்ச்சி அடித்தது. பெரிய ஸ்பேனர் வீட்டில் கிடந்தது. அதை எடுக்க ஒரு நடை, ரம்பத்துக்கு இன்னொரு நடை. அவர் மூச்சு வாங்கத் திரும்பி வந்தபோது அந்த வீட்டம்மா சமையலறைக்குள் குடை பிடித்து நின்றார்.

மறுநாள் மாமனார் வேறு காரணம் கண்டுபிடித்தார். "இஞ்சின் சூடு ஏறல, அதான் டீசல் போகுது. ரேடியேட்டருக்கு முன்னால ஒரு அட்டையை வெச்சு மறைங்க."

மறைத்தார். சூடு ஏறியது. ஏறிக்கொண்டே போய், மேம்பாலத்தின் உச்சியில் பானெட்டிலிருந்து குபுகுபுவென்று ஆவி கிளம்பியது. பின்னால் நின்ற வண்டிகளின் ஹாரன் சத்தத்தில் பிளம்பருக்கு அழுகையே வந்துவிட்டது.

"பயப்படாதீங்க மாப்ளே. ரெண்டாவது கியர்லயே உருட்டுங்க. வண்டிக்கு அலுப்புத் தெரியாது."

உருட்டினார். வண்டி ஊரைக் கூட்டுகிற மாதிரி உறுமியது. சைக்கிளில் போனவர்கள் முந்திப் போனார்கள்.

ஞாயிற்றுக்கிழமை டீசல் பங்க்கில் கணக்குப் பார்த்ததும் சகலை அவரைக் கட்டிப்பிடித்துக் குதித்தார். "மாமாவை நல்லாப் பாத்துக்குங்க சகலை!"

தொங்கிய முகத்தோடு பிளம்பர் நேராக மெக்கானிக்கிடம் போய் நடந்ததைச் சொன்னார்.

"குளிர்ல வண்டியை நிக்க வெச்சு யாருங்க இவ்வளவு நேரம் ஓட விடுவாங்க? ஸ்டார்ட் பண்ணி, ஒரு நிமிஷம் விட்டு, மெதுவா எடுத்துட்டுப் போக வேண்டியதுதானே. போகப் போகத் தானா சூடாகும்."

"மாமா சொன்னார்."

"அட்டை?"

"மாமா."

"ரெண்டாவது கியர்?"

"அதுவும் மாமாதான்."

மெக்கானிக் சிரிப்புத் தாங்காமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பழைய டயர் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"பந்தய விஷயத்தை உங்க மாமாகிட்ட நான்தான் அன்னிக்கே உளறிட்டேன், மன்னிச்சுக்குங்க. டீசல் மிச்சம் பிடிக்கறதுல டிப்போவுல அவரை அடிச்சுக்க ஆளே கிடையாதுங்க. வருஷா வருஷம் பரிசு அவருக்குத்தான்."

"அப்புறம் ஏன் எனக்கு மட்டும் இப்படிச் சொன்னார்?"

"'பெரிய மாப்ள வீட்டுல நான் பேசினா ஒருத்தரும் காதுல வாங்கறதில்ல; நான் எது சொன்னாலும் கேக்கற இந்த மாப்ளய விட்டு எப்படிய்யா போவேன்'னு அன்னிக்கே என்கிட்ட சொன்னாருங்க."