பிழை அங்கிள் திருத்திய மனு

மெல்போர்னில் டிவியோடு சண்டை போட்டு ஒவ்வொரு தடவையும் ஜெயித்தவர் எங்கள் பிழை அங்கிள் ஒருவர்தான். துப்பாக்கிச் செய்தி வந்தால் போதும், நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார். "பிழை! அந்தத் தோட்டாப் பெட்டிக்குப் பேர் கிளிப் இல்லை, மகசீன்!" செய்தி வாசிக்கும் பெண் பாவம், வானிலைக்குப் போய்விடுவாள். "பாத்தியளே, பதில் சொல்லேலாமல் ஓடுறா" என்பார்.

யாழ்ப்பாணத்துக்காரர். மெல்போர்னுக்கு வெளியே ஐந்து ஏக்கரில் பூசணி போட்டிருந்தார். எங்கள் வீட்டு வெள்ளிக்கிழமை பஜனைக்கு முதல் காய் அவருடையதுதான். முயல் வாய் வைத்தால் எச்சில், சாமிக்கு ஆகாது. அதற்காகவே லைசென்ஸ் எடுத்து ஒரு துப்பாக்கி வைத்திருந்தார். அதைப் பற்றிய புத்தகங்களையும் கரைத்துக் குடித்திருந்தார். அதுதான் வினை.

ஒருநாள் தீபாராதனை நேரம். என் மனைவி கேஸ் லைட்டரைக் காட்டி, "அந்தத் துப்பாக்கியை எடுங்க" என்றாள். "பிழை, தங்கச்சி. குழலும் இல்லை, குண்டும் இல்லை" என்று ஆரம்பித்தார். அவர் முடிக்கும் வரை கற்பூரம் காத்திருந்தது.

இன்னொரு நாள் கதை சொல்ல வந்த பெரியவர், பகவான் மெஷின் கன் மாதிரி அம்பு மழை பொழிந்தார் என்றார். பின்வரிசையில் ஒரு கை உயர்ந்தது.

"பிழை. மெஷின் கன் எண்டா விசையை அமத்திப் பிடிச்சால் தானாச் சுட்டுக்கொண்டே இருக்கும். அம்பை ஒவ்வொண்டாத்தான் எடுத்து வைக்க வேணும்."

"சுவாமி, அது தெய்வத்தோட வில்லு!"

"ஆருடைய வில்லெண்டாலும் எடுத்து வைக்கத்தானே வேணும்?"

அன்று அரக்கர்கள் பிழைத்துக்கொண்டார்கள். கதை அதற்கு மேல் நகரவில்லை.

பிறகு ஒரு துப்பாக்கிச் சூட்டுச் செய்தி வந்து, சட்டத்தை இறுக்க வேண்டும் என்று எங்கும் பேச்சானது. எங்கள் பஜனைக் குழுவும் எம்.பி.க்கு ஒரு மனு கொடுக்க முடிவு செய்தது. ஐ.டி.யில் வேலை பார்க்கும் எங்கள் செயலாளர் சுந்தர்தான் எழுதினார். இரண்டாம் பத்தி இது: 'தானியங்கித் துப்பாக்கிகள் அனைத்தையும் தடை செய்ய வேண்டும்.' எல்லோரும் தலையாட்டினோம். நான் பத்தாவதோடு நிறுத்தியவன், எனக்கு அது கம்பீரமாகத்தான் தெரிந்தது.

"பிழை" என்றார் அங்கிள்.

சுந்தருக்குக் கோபம் வந்துவிட்டது. "அங்கிள், செத்தது மனுஷங்க. நீங்க அகராதி படிக்கிறீங்க. துப்பாக்கியோட பேர் தெரியாதவன் பேசக்கூடாதுன்னு வாயை அடைக்கிற தந்திரம்தானே இது? உங்க துப்பாக்கியைக் காப்பாத்திக்கப் பார்க்கிறீங்க."

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. சாமி முன்னால் பொய் சொல்லக்கூடாது.

அங்கிள் சத்தம் போடவில்லை. "தம்பி, அதை இஞ்சை எப்பவோ தடை செய்தாச்சு. பூட்டின கதவைப் பூட்டச் சொன்னால் எம்.பி. ஓமெண்டு சொல்லி, தேத்தண்ணியும் தந்து அனுப்புவார். நீங்களும் சந்தோசமா வருவியள். ஒண்டும் மாறாது."

"அப்போ எதைத் தடை பண்ணச் சொல்லணும்? நீங்களே சொல்லுங்க!"

அங்கிள் பேனாவை வாங்கி, இரண்டாம் பத்தியை அடித்துவிட்டு எழுதினார். எழுதியதை வாசித்தும் காட்டினார். கைப்பிடியைத் திருப்பாமல், நேரே பின்னுக்கு இழுத்துத் தள்ளினாலே அடுத்த குண்டு ஏறிவிடும் துப்பாக்கி. சாதாரண லைசென்ஸிலேயே வாங்கலாம். வேகம் அதிகம்.

"அப்படி ஒண்ணு யார்கிட்ட அங்கிள் இருக்கு?" என்றார் சுந்தர்.

"என்னட்டை இருக்கு. முயலுக்கு." மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "முயலுக்கு அவ்வளவு வேகம் தேவையில்லை."

முதல் கையெழுத்தும் அவர்தான் போட்டார். சுந்தர் இரண்டாவதாகப் போட்டார், தலை நிமிராமல்.

சட்டம் வரட்டும் என்று அங்கிள் காத்திருக்கவில்லை. "கையெழுத்துப் போட்டுட்டு வீட்டிலை வைச்சிருந்தால் அது கள்ளக் கையெழுத்து" என்று, அடுத்த வாரமே லைசென்ஸ் உள்ள ஒரு கடையில் கொண்டுபோய் ஒப்படைத்தார். ரசீதில் துப்பாக்கியின் வகையை மாற்றி எழுதிவிட்டார்களாம். அரை மணி நேரம் நின்று திருத்தி வாங்கிக்கொண்டுதான் வந்தார்.

இப்போது வலைவேலி போட்டிருக்கிறார். முயல்கள் அதை வேலியாக மதிப்பதாகத் தெரியவில்லை. போன வெள்ளிக்கிழமை அவர் கொண்டுவந்த முதல் பூசணியில் பல் தடம் இருந்தது.

"முயல் முந்தீட்டுது. சாமிக்கு வேண்டாம், குசினிக்குள்ளை வையுங்கோ, கறிக்கு ஆகும்" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

முப்பது வருடமாக எச்சில் பட்ட எதையும் நான் சாமி முன்னால் வைத்ததில்லை. அன்று அந்தக் காயைக் கழுவி, மஞ்சள் குங்குமம் இட்டு, கடித்த பக்கம் சுவரைப் பார்க்க விளக்கருகில் வைத்தேன்.

அங்கிள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். பிழை என்று சொல்லவில்லை.