சீசரின் குழியும் பங்கர் குழுவும்

வெயிலைச் சமாளிக்க மனித குலம் இன்றுவரை இரண்டு மாபெரும் வழிகளைக் கண்டுபிடித்திருக்கிறது. ஒன்று ஐஸ். மற்றது கூட்டம் போடுதல். தொண்ணூற்றொன்றாம் ஆண்டுக் கோடையில் போரால் குருநகரில் கரண்ட் இல்லை. ஆகவே ஐஸும் இல்லை. கூட்டம் போட்டார்கள்.

கடற்கரை வாகை மரத்தடியில் கூடிய அந்தப் ‘பொதுப் பங்கர் அமைப்புக் குழு’வின் செயலாளர் சந்தியோகு. மூடிக்கிடந்த ஐஸ் தொழிற்சாலையில் இயந்திரம் பார்த்தவர். ஒன்று எப்படி இயங்குகிறது என்று யாராவது கேட்டுவிட்டால் அவருக்குச் சோறு தண்ணி வேண்டாம். கேட்காவிட்டாலும் வேண்டாம்.

குண்டு போடும் பொம்மர் விமானம் வந்தால் ஒளிக்கப் பக்கத்தில் ஒரு பங்கர், அதாவது பதுங்குகுழி, வேண்டுமென்று முதலில் கேட்டவர் அவருடைய மனைவி றோஸ். முழங்கால் வாதக்காரி. கோயிலடிப் பங்கருக்கு அவர் நொண்டிப் போய்ச் சேருமுன் பொம்மர் வந்த வேலையை முடித்துத் திரும்பிவிடும்.

குழு அசுர வேகத்தில் இயங்கியது. பங்கருக்குள் யார் முதலில் இறங்குவது என்பது ஏகமனதாகத் தீர்ந்துவிட்டது. திருவிழாவில் கொடிக்கயிறு பிடிக்கும் வரிசையே இதற்கும்: தலைவர் செபநாயகம் சம்மாட்டியார், செயலாளர், பொருளாளர் அடைக்கலநாதன், பிறகு ‘பொதுமக்கள்’. வாசல் கோயிலைப் பார்ப்பதா கடலைப் பார்ப்பதா என்பது பரிசீலனையில் இருந்தது. மண் வெட்டுவது பற்றிக் கதைக்க மட்டும் நேரம் கிடைக்கவில்லை.

அப்போதுதான் அந்த அத்துமீறல் நடந்தது.

“சந்தியோகு, அத்திவாரக் கல்லு வைக்கிற இடத்தை உம்மடை நாய் கிண்டிப்போட்டுது!” என்றார் தலைவர்.

“சீசர் கிண்டேல்லை அண்ணை, சூட்டை ஆத்துது.” சந்தியோகுவின் முகம் மலர்ந்தது. “நாய்க்கு எங்களைப் போலை உடம்பெல்லாம் வேர்க்காது. பாதத்துக்கு அடியிலை கொஞ்சம், அவ்வளவுதான். அதாலை நாக்கைத் தொங்கப்போட்டு இளைக்கும். நாக்கிலை இருக்கிற ஈரம் காத்தோடை போகேக்கை சூட்டையும் கொண்டு போகும். மண்பானை கசிஞ்சு தண்ணி குளிருற மாதிரித்தான். அதுவும் போதாட்டில், சுடுமணலைக் கிண்டி எறிஞ்சுபோட்டு ஈரமணலிலை வயித்தை வைச்சுப் படுக்கும். வயித்திலை மயிர் குறைவெல்லே, சூடு சுறுக்கா இறங்கும்.”

“அப்ப உது நாயோ, ஐஸ் பெட்டியோ?” என்றார் பொருளாளர்.

“ஐஸ் பெட்டியைவிடத் திறம். கரண்ட் வேண்டாம்.”

‘அனுமதியற்ற அகழ்வு’ வன்மையாகக் கண்டிக்கப்பட்டது. குழியை மூடும் பொறுப்பு நாய்க்காரரிடமே ஒப்படைக்கப்பட்டது. அவர் மூடினார். சீசர் கிண்டியது. வெயில் பட்ட குழியின் அடி காய்ந்து போகும். அதன் மேல் அவர் கொட்டுவதோ கொதிக்கும் மணல். ஈரத்தைத் தொட நாய் ஒவ்வொரு முறையும் இன்னும் கீழே போகவேண்டும். குழு மூடச் சொல்லச் சொல்லக் குழி ஆழமாகிக்கொண்டே வந்தது. இந்த நுட்பத்தில் சந்தியோகு சொக்கிப்போனார்.

“உதுக்கு மேலை நாலு பனங்குத்தியும் மண்மூட்டையும் போட்டால் பங்கர்தானேப்பா,” என்றார் றோஸ். “என்ரை காலுக்கு உதுதான் கிட்ட.”

“குழுவிலை வைக்கிறன்.”

வைத்தார். “நாய் கிண்டின குழிக்கு நான் எப்பிடி நாடா வெட்டுறது?” என்று தலைவர் கேட்டார். நியாயமான கேள்வி. விவாதம் சூடு பிடித்தது. உறுப்பினர்கள் வாய் மூடவில்லை. றோஸ் எல்லாருக்கும் தேத்தண்ணிக் கேத்தலைத் தூக்கிக்கொண்டு நொண்டி நொண்டி வந்தார்.

பொம்மர் இரைந்தது.

அந்த நெருக்கடியிலும் தீர்மானம் அட்சரம் பிசகாமல் நிறைவேற்றப்பட்டதைப் பாராட்டத்தான் வேண்டும். உள்ளே படுத்திருந்த சீசரைத் துரத்திவிட்டு முதலில் தலைவர் பாய்ந்தார். அடுத்து செயலாளர். அவர்மேல் பொருளாளர். பொதுமக்களுக்கு இடமில்லை. பொதுமக்கள் கையில் கேத்தலோடு விளிம்பில் நின்றார். குழிக்குள்ளிருந்து நிமிர்ந்து பார்த்த சந்தியோகுவுக்கு மனைவியின் வீங்கிய முழங்காலும் அதனோடு ஒட்டிநின்ற சீசரின் வாலும் தெரிந்தன. “இறங்கு றோஸ்” என்று சொல்ல வாயெடுத்தார். இறங்க எங்கே இடம்?

குண்டு கடலில் விழுந்தது. எழுந்த தண்ணீர் றோஸையும் நாயையும் தலையோடு நனைத்தது.

உறுப்பினர்கள் இளைத்து இளைத்து மேலே ஏறினார்கள். சீசர் குழியை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பி, கொஞ்சம் தள்ளிப் போய்ப் புதிதாய்க் கிண்டத் தொடங்கியது. நனைந்து நிற்கும் மனைவியிடம் என்ன சொல்வதென்று சந்தியோகுவுக்குத் தெரியவில்லை. தெரிந்ததைச் சொன்னார்.

“எங்கடை மூண்டு பேரின்ரை உடம்புச் சூடும் மணலிலை இறங்கிட்டுது றோஸ். அதுதான் சீசர் உதுக்கை போகுதில்லை.”

றோஸ் கேத்தலைக் கீழே வைத்தார். வாகை மரத்தில் சாத்தியிருந்த மண்வெட்டியை எடுத்து உறுப்பினர்களிடம் நீட்டினார்.

“நாயும் வாயைத் திறந்துதான் சூட்டை ஆத்துது, நீங்களும் வாயைத் திறந்துதான் ஆத்திறியள். வாயாலை போதாதெண்டால் அது எழும்பிப் போய்க் கிண்டும். உங்களுக்கும் ஆண்டவர் கையும் காலும் தந்தவர்தானே?”