ஐஸ் வைத்துப் பூக்கவைத்த பூ

கொட்டாஞ்சேனை,
1938 மாசி 3, வியாழன்.

சேசு மரி சூசை மூவரின் காவலில் இருக்கும் என் அண்ணன் மகன், நுவரெலியாத் தோட்டக் கந்தோரில் கிளாக்கர் உத்தியோகம் பார்க்கும் அன்பு மருமகன் சவுந்தரநாயகத்துக்கு, மாமி மதலேனம்மா வாழ்த்துக் கூறி எழுதிக்கொள்வது. நாங்கள் எல்லாரும் கர்த்தர் கிருபையால் சுகம். உன் சுகத்தையும் பெண்சாதி பிள்ளைகளின் சுகத்தையும், அந்தக் குளிருக்குக் கம்பளி போதுமாக இருக்கிறதா என்பதையும் அறிய ஆவல். மகள் மாக்ரெட் சுகம். மருமகன் ஒஸ்வால்ட் சுகம், துறைமுகத்தில் வேலை கூடவாம். பேரப்பிள்ளைகள் இரண்டுக்கும் சளி. அந்தச் சளிக்கும் நீதான் காரணம்.

சுகம் விசாரித்தாயிற்று. இனி என் வயிற்றெரிச்சலை வாசி. நேற்றுத் தேவமாதாவின் சுத்திகரத் திருநாள், மெழுகுதிரி மந்திரிக்கிற திருநாள். அதில் நான் மாதா பீடத்தில் மெழுகால் செய்த பொய்ப் பூவை வைத்துப் பங்குச் சுவாமியையும் சனத்தையும் ஏமாற்றினேன் என்று கொட்டாஞ்சேனை முழுக்கக் கதை. வருகிற ஞாயிறு மாதா சபைக் கூட்டத்தில் என்னை எழுப்பி விசாரிக்கப் போகிறார்களாம். பீடத்துக்குப் பூ வைக்கிற உரிமை இனி மதலேனுக்கு இல்லை என்று தீர்த்துவிடப் போகிறார்களாம். ஆகையால் இந்தக் கடிதம் கண்ட உடனே நீ கொண்டுவந்த பூக்கிழங்கை உனக்குத் தந்த உன் தோட்டத்துத் துரையின் பெண்சாதி, அந்தத் துரைசாணியிடம் போய், அது மெய்யான பூச்செடிதான் என்று ஒரு வரி எழுதி வாங்கி அனுப்பு. இங்கிலீசில் இருக்கட்டும். தமிழில் இருந்தால் நான் சொல்லி எழுதுவித்தது என்பார்கள்.

இந்தக் கதையைப் பரப்பியது யார் என்று நீ கேட்க மாட்டாய், உனக்கே தெரியும். என் அவருடைய தங்கை, அடுத்த வீட்டுக்காரி, பேர்ணடெற். மாக்ரெட் புதுநன்மை வாங்கின அன்று தலைக்குப் போட்ட சல்லாவை இரவல் வாங்கி, மெழுகுதிரியில் பிடித்துப் பொசுக்கி, பொசுங்கின பக்கத்தை உள்ளே மடித்துத் திருப்பித் தந்தவள். மாக்ரெட்டின் கலியாணத்தில் கேக் துண்டு வெட்டின அளவைப் பார்த்து, "மச்சாள், இது கேக்கோ நற்கருணையோ" என்று மாப்பிள்ளை வீட்டாருக்குக் கேட்கக் கேட்டவள். நான் இவற்றை ஒரு கடதாசியிலும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைத்தால் கறையான் தின்னும், தலைக்குள் இருப்பதைக் கறையான் தின்னாது. ஒவ்வொரு வருஷமும் மாதா பீடத்தில் அவளுடைய அந்தூரியம்தான் நடுவில் நிற்கும். நான் கொண்டுபோகும் நித்தியகல்யாணியைத் தூணுக்குப் பின்னால் வைப்பாள். ஏன் என்று கேட்டால், "அங்கதான் மச்சாள் நல்ல காத்து" என்பாள்.

அப்படியிருக்கத்தான் நீ பாலன் பிறந்த நத்தார்த் திருநாளுக்கு வந்தாய். தேயிலைப் பெட்டிப் பலகையில் செய்த சின்னப் பெட்டிக்குள் மரத்தூள் போட்டு, மூக்கு வெளியே நீட்டின கிழங்குகள் ஒரு கைப்பிடி கொண்டுவந்து, "மாமி, இது ஸ்னோட்றொப். துரைசாணி சீமையால எடுப்பிச்சது. மிஞ்சினதை எனக்குத் தந்தவ" என்றாய். சீமையில் பனிக்குள்ளே வெள்ளைப் பூப் பூக்கும், அதே சுத்திகரத் திருநாளுக்குப் பெண்பிள்ளைகள் பறித்து மாதாவுக்கு வைப்பார்கள் என்று நீதான் சொன்னாய். நான் சும்மா இருந்த மனுஷி. அதைக் கேட்ட பிறகு நான் எப்படிச் சும்மா இருப்பேன். "குளிர் வேணும் மாமி, கொழும்பில கஷ்டம்" என்று நீ சொன்னதும் உண்மை, மறைக்கவில்லை. "குளிரைக் கடையில வாங்கலாம், நீ கிழங்கை வைச்சிட்டுப் போ" என்று நான் சொன்னதும் உண்மை. ஆனால் வைத்துவிட்டுப் போனவன் நீதானே.

கிணற்றடியில் பலாமர நிழலில் சட்டிகளை வைத்தேன். நீ கூடத் தந்த பான்சிப் பூவிதைகளையும் பக்கத்தில் தூவினேன். பேர்ணடெற்றின் கோழி வேலிக்குள்ளால் வந்து பான்சி விதையை ஒன்று விடாமல் பொறுக்கிவிட்டு, இரண்டு சட்டியைக் கிளறிக் கிழங்கையும் கொத்திப்போட்டது. நான் கோழியைப் பிடித்துக்கொண்டு போய் அவள் முற்றத்தில் விட்டு, "உன்ர கோழி என்ர பூவைத் தின்னுட்டுது" என்றேன். அவள் கோழியைத் தடவிப் பார்த்து, "பாவம், சீமைச் சாப்பாடு, வயித்துக்கு ஒத்துக்கொள்ளுமோ தெரியேல்ல" என்றாள். மிச்சச் சட்டிகளில் இருந்ததுகளும் நிழலையும் மீறின வெக்கையில் அவிந்து மணத்தன. ஒஸ்வால்ட் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "மாமி, இதுகளைச் சம்பலுக்குப் போட்டிருந்தால் இந்த வீடு எப்பவோ நிம்மதியாய் இருந்திருக்கும்" என்றான். ஒரே ஒரு கிழங்குதான் மிஞ்சியது. அதற்குத்தான் நான் ஐஸ் தேடப் போனேன்.

சந்தையில் மீன்காரனிடம் கேட்டேன். அவன் என்னை ஏற இறங்கப் பார்த்து, "அயிஸ் விதரத அம்மே, மாலு எப்பாத" என்றான். ஐஸ் மட்டும்தான், மீன் வேண்டாம் என்று சிங்களத்தில் சொல்லி வாங்கிக்கொண்டு வந்து சட்டியைச் சுற்றி வைத்தேன். கொஞ்ச நேரத்தில் தெருவிலுள்ள பூனைகள் எல்லாம் வந்து சட்டியைச் சுற்றி வரிசையாய் உட்கார்ந்துவிட்டன. கத்தவில்லை, சண்டை பிடிக்கவில்லை, சட்டியையே பார்த்துக்கொண்டு இருந்தன. பேர்ணடெற் வேலிக்கு மேலால் தலையை நீட்டி, "என்ன மச்சாள், பூனையளுக்கு ஞானோபதேசம் நடக்குதோ" என்றாள். "ஓம், நீயும் வந்து இரு. உனக்கும் கொஞ்சம் குறைவாய்த்தான் கிடக்குது" என்றேன். அன்றைக்கு முழுக்க அவள் அந்தப் பக்கம் தலை காட்டவில்லை.

பிறகு ஒஸ்வால்டிடம் சொல்லித் துறைமுகத்தால் சாக்குச் சுற்றின நல்ல ஐஸ் எடுப்பித்தேன். அதைப் பேரப்பிள்ளைகள் சட்டியடியில் குந்தியிருந்து நக்கி நக்கியே முடித்தார்கள். அதுதான் மேலே எழுதின சளி. ஐஸைத் துணியால் மூடி வைத்தால் கரையாது என்று ஒஸ்வால்ட் சொன்னான். நல்ல தடித்த துணி வீட்டில் எது இருக்கிறது. என் அவருடைய பழைய கம்பளிக் கோட்டு ஒன்றுதான். அதைச் சட்டிக்கு மேலால் போர்த்தி, தெறி பூட்டி, காற்றுக்குப் பறக்காமல் அவருடைய தொப்பியையும் கவிழ்த்து வைத்தேன். விடியப் பல்லு விளக்கப் போன மாக்ரெட் கிணற்றடியில் தகப்பன் குந்திக்கொண்டிருக்கிறார் என்று குழறி, வாளியையும் கிணற்றுக்குள் விட்டுவிட்டாள். பிறகு என்னைப் பார்த்து, "அம்மா, அப்பா உயிரோட இருக்கேக்கை அவரை இப்பிடிப் போர்த்தி வைச்சனீங்களோ" என்கிறாள். அவர் பூக்கிறதாய் இருந்தால் போர்த்தியிருப்பேன் என்றேன்.

ஆனால் கேள் மருமகனே, அந்தக் கோட்டுக்குள்ளேதான் அது முளைத்தது. இரண்டு இலை, நடுவில் ஒரு தண்டு, தண்டின் நுனியில் அரிசி மணி போல ஒரு மொட்டு. தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, கோபித்த பிள்ளை மாதிரி. நான் அதற்கு முன்னால் முழங்காலில் இருந்து செபமாலை சொன்னேன். பேர்ணடெற் வந்து பார்த்துவிட்டு, "புல்லு" என்றாள். ஒரு சொல்தான் சொன்னாள், திரும்பிப் போய்விட்டாள்.

மறுகிழமை மற்றப் பக்கத்து வீட்டு நோயாளிக்கு நற்கருணை கொடுக்க வந்த லெயோன் சுவாமி எங்கள் கிணற்றடியையும் எட்டிப் பார்த்தார். வயதுபோன பிரெஞ்சுச் சுவாமி, உனக்கு ஞானஸ்நானம் தந்தவர், இப்போது கண்ணும் மங்கல். என்ன இது கோட்டுப் போட்ட சட்டி என்று கேட்டார். நான் தெறியைக் கழற்றிக் காட்டினேன். அவர் கைத்தடியை என்னிடம் தந்துவிட்டு, அந்த ஈரத்திலேயே அங்கியோடு முழங்காலில் இருந்தார். மொட்டை ஒரு விரலால் நிமிர்த்திப் பார்த்தார். பிறகுதான், "மதலேன், எங்கட ஊரில இதுக்கு வேற பேர். என்ர அம்மா திருநாளுக்குப் பறிப்பா. கப்பல் ஏறின பிறகு நான் இதைக் காணேல்ல" என்றார். எழும்பும்போது, "பூத்தால் மாதாவுக்கு முன்னால வை. நடுவில வை" என்றார். நடுவில் என்றார். வேலிக்கு அந்தப் பக்கம் பேர்ணடெற் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்றாள். ஒரே சட்டையை மூன்று தரம் உதறினாள்.

மருமகனே, அது முதல் எனக்கு அந்தூரியம் ஒரு பொருட்டாய் இல்லை என்று எழுதினால் பொய்யாகிவிடும். பொருட்டுத்தான். ஆனாலும் அந்த மனுஷன் முழங்காலில் இருந்தது கண்ணுக்குள்ளேயே நின்றது. இது பூக்காமல் போனால் அவருக்கு நான் என்ன சொல்வது என்று நித்திரை வரவில்லை.

பூத்தது. நேற்று விடியற்காலையில் கோட்டைத் திறந்தேன், வெள்ளையாய் விரிந்து தொங்கியது. விரிந்த அந்த நேரம் நான் ஒருத்திதான் கண்டேன். துறைமுக ஐஸ் முடிந்துவிட்டதால் மீன்காரனின் ஐஸையே பேசினில் போட்டு, நடுவில் சட்டியை வைத்து, ஒஸ்வால்ட் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாய்த் தூக்கிக்கொண்டு போய் மாதாவுக்கு முன்னால், நடுவில், வைத்தேன். பேர்ணடெற் தன் அந்தூரியத்தைத் தானே ஒதுக்கினாள். தூணுக்குப் பின்னால் நல்ல காற்று என்று நான் சொல்லவில்லை. சொல்ல வாய் வந்தது, கோயில் என்று விட்டேன்.

இனித்தான் என் புத்தியைக் கேள். பனியில் பூக்கிற பூவுக்கு ஒரு மாதமாய் ஐஸ் சுமந்தவளுக்கு, அந்தத் திருநாளில் சனம் முழுக்க மெழுகுதிரி கொளுத்தும் என்பது ஞாபகம் வரவில்லை. சுவாமி திரிகளை மந்திரித்தார். சனம் முழுக்கத் திரியைக் கொளுத்திச் சுற்றுப்பிரகாரம் போய் வந்து, ஆளுக்கொரு திரியாய் மாதாவுக்கு முன்னால் நட்டது. எங்கே நட்டது, என் பேசினைச் சுற்றி. அப்பம் சுடுகிற அடுப்பு மாதிரி இருந்தது பீடம். ஐஸ் உருகிப் பேசின் நிரம்பி வழிந்து, பேர்ணடெற் ஒரு கிழமையாய்க் கஞ்சி போட்டு மினுக்கின சரிகைப் பீடவிரிப்பில் ஊறியது. சூடு ஏற ஏற மீன் மணமும் ஏறியது. முன்வரிசையில் இருந்த சவேரியான் முதலாளி, தூபத்தை இந்தப் பக்கம் கொண்டுவரச் சொல்லிக் கையைக் காட்டினார். பூ வாடத் தொடங்கியது. அதைக் கண்டுதானோ என்னவோ, பூசை முடிந்தவுடன் லெயோன் சுவாமி பாடற்பிள்ளைகளையும் விலக்கிக்கொண்டு விறுக்கென்று வந்தார். கையில் பெரிய மந்திரித்த திரி. கண் மங்கல்தானே, பூவைப் பார்க்கக் கிட்டக் குனிந்தார், திரியும் கூடக் குனிந்தது. உருகின மெழுகு முழுக்க என் பூவில். நான் கையை நீட்ட முதலே அது வெள்ளையாய் உறைந்து, கல் மாதிரி நின்றது. சுவாமிக்கு அது தெரியவில்லை. "நல்ல வடிவு மதலேன்" என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

அவர் போக, பெண்கள் எல்லாம் வந்து சூழ்ந்துகொண்டார்கள். பேர்ணடெற் விரலால் பூவைத் தட்டினாள். டொக்கென்று சத்தம். "இது மெழுகெல்லோ" என்றாள், உரத்து. "கண் தெரியாத கிழட்டுச் சுவாமியை இப்பிடி ஏமாத்தலாமே மச்சாள்." மற்றவர்களும் தட்டினார்கள். எல்லாருக்கும் டொக். நான் நடந்ததைச் சொல்லச் சொல்ல, மீன் மணத்தில் ஒருவரும் கிட்ட நின்று கேட்கவில்லை.

இவ்வளவுதான். துரைசாணியின் கையெழுத்துக் கட்டாயம் வேண்டும். பேர்ணடெற் என் வீட்டுப் படி இனி மிதிக்க மாட்டாள், நானும் அவள் வீட்டுப் படி மிதிக்க மாட்டேன், என் பிரேதத்துக்கும் அவள் வரக்கூடாது என்று மாக்ரெட்டிடம் சொல்லி வைத்திருக்கிறேன். இனிமேல் சீமைக் கிழங்கு ஒன்றும் இந்த வீட்டுக்குள் வரவும் கூடாது. உன் பெண்சாதிக்கு என் அன்பு. பிள்ளைகளின் நெற்றியில் என் பேரால் சிலுவை போட்டுவிடு. தேவமாதா உங்கள் எல்லாரையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காப்பாளாக.

இப்படிக்கு,
உன் மாமி,
மதலேனம்மா.

பின்குறிப்பு: இன்று சனிக்கிழமை. இந்தக் கடிதத்தைத் தபாலில் போட ஒஸ்வால்டுக்கு நேரம் கிடைக்காதது நல்லதாய்ப் போயிற்று. துரைசாணியிடம் போக வேண்டாம். பீடவிரிப்பில் சிந்தின மெழுகை எடுக்கப் பேர்ணடெற் அதை வீட்டுக்குக் கொண்டுபோய், பூவையும் கூட எடுத்துப்போய், சுடுதண்ணீரில் போட்டாளாம். மெழுகு கழன்று பூ மிதந்ததாம். விரித்துப் பார்க்க, உள்ளிதழில் ஊசியால் கீறினது போலப் பச்சைக் கோடு. மெழுகுப் பூவுக்கு உள்ளே பச்சைக் கோடு யார் போடுவார்கள் என்று அவளே எல்லாரிடமும் கேட்கிறாள். ஒரு கோப்பைத் தட்டில் வைத்துச் சுவாமியிடம் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள். அவர் அதைத் தன் செபப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாராம். பிறகு வீடு வீடாய் ஏறி, "நான் பிழையாய்ச் சொல்லிப்போட்டன், மதலேன் மச்சாள் வைச்சது மெய்ப் பூ" என்று, நான் கேட்காமலே, சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். நாளைக்குக் கூட்டம் இல்லையாம். இன்று காலை குசினிப் பக்கத்தால் வந்து, தானே கத்தியை எடுத்து என் வெங்காயத்தை உரித்துக்கொண்டு இருந்தாள். அவளுக்குச் சொல்ல நான் எத்தனை வருஷமாய்ச் சொல் சேர்த்து வைத்திருந்தேன், அதில் ஒன்றும் இதற்குப் பொருந்தவில்லை. இதை நான் அவளுக்கு எப்படி மன்னிப்பது. மேலே அவளைப் பற்றி எழுதினதை உன் பெண்சாதிக்கு வாசித்துக் காட்டாதே. அடுத்த நத்தாருக்கு வரும்போது கிழங்கு கூடுதலாய்க் கொண்டு வா. அவளுடைய கிணற்றடியில் நிழல் கூடவாம், ஒரு சட்டி தானும் வைத்துப் பார்க்கட்டாம். பார்ப்போம் என்றேன். அவளுக்கும் ஒன்று கொண்டு வா. கொஞ்சம் சின்னனாய்ப் பார்த்துக் கொண்டு வா.