ஒரு மூடி ஊற்றித் தண்ணீர் கலக்கவும்

நுரை பொங்கி, அடுப்பு மேடையை விட்டு இறங்கி, ஃப்ரிட்ஜுக்கு அடியில் நுழைந்துவிட்டது. டீச்சர் ஒரு கையில் சமையல் சோடா டப்பாவும் இன்னொரு கையில் கரண்டியுமாக நாற்காலி மேல் ஏறி நின்றார்.

“என்ன நடக்குது இங்க?” என்றார் வீட்டுக்காரர், செருப்பைக்கூடக் கழற்றாமல்.

“உங்க அக்காவுக்குப் பரிசு தயாராகுது.”

“அவ மேல அவ்வளவு கோபமா?”

டீச்சருக்கு யார் மேலும் கோபமில்லை. எலுமிச்சைத் தோலை இரண்டு வாரம் வினிகரில் ஊறவைத்திருந்தார். வினிகர் நெடி தூக்கலாக இருந்ததால், அதை அடக்கச் சோடாவைக் கொட்டினார். மூன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுப்பவருக்கு அதற்கு மேல் ரசாயனம் தெரியாது. வினிகரும் சோடாவும் அடித்துக்கொண்டு இரண்டுமே ஓய்ந்தபின், வீட்டில் மிஞ்சியது ஒரு மாப்பு வேலைதான்.

நாத்தனார் அடுத்த மாதம் பக்கத்துத் தெருவுக்கே குடிவருகிறார். இருபத்திரண்டு வருஷத்துக்குப் பிறகு ஒரே ஊர். இனிமேல் தினமும் முகத்தில் முழிக்கவேண்டும். டீச்சரின் கவலையே அதுதான்.

கல்யாணமான புதிதில் நாத்தனார் அவரை “வாடி, உட்காருடி” என்றுதான் கூப்பிடுவார். மூன்றே மாதத்தில் அது “வாங்க, உட்காருங்க” ஆகிவிட்டது. கறிவேப்பிலை விற்பவளைக்கூட “வாடி” என்கிற மனுஷி, தம்பி பெண்டாட்டிக்கு மட்டும் இருபத்திரண்டு வருஷமாக மரியாதை கொடுத்துக்கொண்டிருந்தார். அந்த மரியாதை டீச்சரை முள்ளாகக் குத்தியது.

“நீ டீச்சர். அதான் மரியாதை” என்பார் வீட்டுக்காரர்.

“கல்யாண போட்டோவில அவங்க பாதி முகம் வெட்டுப்பட்டிருக்கு. அதைப் போய் ஃப்ரேம் போட்டு மாட்டினோம்ல? அதான்” என்பது டீச்சரின் கட்சி.

எப்படியும் அந்த ‘டி’யைத் திரும்ப வாங்கிவிடவேண்டும். அதற்கு டீச்சர் யோசித்துப் பிடித்ததுதான் இந்தப் பரிசு.

அவர்களுடைய முதல் வீடு ஓர் அறையும் ஒரு சமையலறையும். குடிபோன மறுநாள் நாத்தனார், தன் ஊருக்கு வந்துபோன தம்பி கையில் சாமான் கொடுத்தனுப்பினார். ஒரு வாளி, ஒரு துடைப்பம், துடைக்கிற துணி இரண்டு, அவற்றோடு ஒரு பெரிய பாட்டில் நிறைய மஞ்சள் திரவம்.

“ஒரு மூடி ஊத்தித் தண்ணி கலந்துக்கணுமாம். அக்கா சொன்னா” என்று வீட்டுக்காரர் வாளியை இறக்கிவைத்தார்.

என்ன எலுமிச்சை வாசனை அது! டீச்சர் தினமும் பள்ளிக்கூடம் கிளம்பும் முன் தரை துடைப்பார். ஈரம் காயும்வரை இருவரும் கதவோரம் நின்று காபி குடிப்பார்கள். உட்கார நாற்காலி கிடையாது. பேசுவதற்கு மட்டும் ஏதாவது இருந்துகொண்டே இருக்கும். எறும்புகள்கூட வரிசையாக வந்து வீட்டைப் பார்த்துவிட்டுப் போகும். பிறகு எத்தனையோ வீடு மாறினார்கள், சோபா வாங்கினார்கள். அந்தக் காலைப்பொழுது மட்டும் திரும்பவில்லை. அந்த வாசனையைத்தான் டீச்சர் இப்போது பாட்டிலில் பிடிக்கப் பார்த்தார்.

அப்போதே நாத்தனாருக்கு ஒரு பக்கம் நிறைய நன்றிக் கடிதம் எழுதினார். பதில் வரவில்லை. தபால் இலாகாவைத் திட்டிவிட்டு விட்டுவிட்டார்.

வினிகர் தோற்றதும் மாடிவீட்டு நர்ஸ் வழி சொன்னார்.

“தோலு, சர்க்கரை, தண்ணி. மூணையும் பாட்டில்ல போட்டு மூணு வாரம் வைங்க டீச்சர். ஆனா தினமும் மூடியைக் கொஞ்சம் தளர்த்திக் காத்தை விடணும். மறந்துடாதீங்க.”

டீச்சர் மறக்கவில்லை. ஆறு பாட்டிலைத் துணி அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்துத் தினமும் காலையில் மூடிகளைத் தளர்த்திவிட்டுப் போனார். ஆனால் வீட்டுக்காரர் கடிகாரம் ரிப்பேர் செய்கிறவர். உலகத்தில் ஒரு திருகு தளர்ந்திருந்தால் அவருக்குச் சோறு இறங்காது. தினமும் மாலையில் ஆறு மூடியையும் பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினார். தான் செய்யும் உதவியை வெளியே சொல்லிக்கொள்ளும் பழக்கமும் அவருக்கில்லை.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை அலமாரிக்குள் ‘டமார்’ என்றது.

“யாரு மூடியை இறுக்கினது?”

“யாரு தளர்த்தினது?”

கேள்விக்குப் பதில் வருவதற்குள் அடுத்த இரண்டும் வெடித்தன. வீட்டுக்காரரின் ஒன்பது சட்டைகளும் ஒரே நிறமாயின. பதறிப்போன டீச்சர் நான்காவது பாட்டிலை ஒரே திருகாகத் திறக்க, அது மின்விசிறிவரை பீச்சியடித்தது. ஓடிக்கொண்டிருந்த மின்விசிறி அதை எல்லாச் சுவருக்கும் சமமாகப் பங்கிட்டது. ஐந்தாவதை வீட்டுக்காரர் ஜன்னல் வழியே கொண்டுபோகப் பார்த்துக் கம்பியில் இடித்து உடைத்தார்.

தப்பிய ஆறாவதைக் குழந்தையைப் போல் மெல்லத் திறந்து, டீ வடிகட்டியில் வடிகட்டினார்கள். டீச்சர் முகர்ந்து பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“என்னாச்சு?”

“இதேதாங்க. அந்த வீடு.”

வீட்டுக்காரரும் முகர்ந்தார். பிசுபிசுத்த தரையில் அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார். கொஞ்சநேரம் இருவரும் சட்டைகளைப் பற்றிப் பேசவில்லை.

மறுநாள் நாத்தனாரின் புதுவீட்டில் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே வழி தேடிப் போனார்கள்.

“வாங்க, உட்காருங்க” என்று நாத்தனார் ஒரு பெட்டியைக் காட்டினார்.

டீச்சர் ரிப்பன் கட்டிய பாட்டிலை நீட்டினார். நாத்தனார் மூடியைத் திறந்து முகர்ந்தார். முகம் கல்லாகிவிட்டது.

“திரும்பவும் ஆரம்பிச்சுட்டீங்களா?”

“என்ன அண்ணி?”

“இது எதுக்கு?”

“தரை துடைக்கத்தான். அன்னிக்கு நீங்க குடுத்தனுப்பினீங்களே, அதே மாதிரி வரணும்னு ஒரு மாசத்துக்கு மேலா போராடறேன் அண்ணி. அந்த வாசனையை நான் மறக்கவே இல்ல.”

நாத்தனார் தம்பி பக்கம் திரும்பினார். “நீ என்னடா சொல்லிக் குடுத்தே?”

“நீ சொன்னதைத்தான். ஒரு மூடி ஊத்தித் தண்ணி கலந்துக்கணும்னு.”

“அவ்வளவுதான் சொன்னியா?”

“அவ்வளவுதானே சொன்னே!”

நாத்தனார் டீச்சரை உற்றுப் பார்த்தார். “அப்போ, ‘குளியலறைக்குக்கூட உங்க பாட்டில்தான் அண்ணி’னு ஒரு கடுதாசி வந்துச்சே. அது நக்கல் இல்லையா?”

“ஐயோ, மனசார எழுதினேன் அண்ணி!”

நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று டீச்சர் பயந்து எழுந்தார். நாத்தனார் அவர் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்துப் பெட்டியில் உட்காரவைத்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

“அடியே, அது நீங்க ரெண்டு பேரும் குடிக்கறதுக்காக நான் நூறு எலுமிச்சம்பழம் பிழிஞ்சு போட்ட சர்பத்துடி!”